பழைய வண்டியும் புதிய போரும்: கவச வாகனங்களை நவீனப்படுத்துவது என்றால் என்ன?

கடலூர் முதுநகரில், உப்பனாற்றின் கரையில், ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். கிழக்குக் கடற்கரைக்கான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் அது. மரம் மாற்றுவது, வண்ணம் அடிப்பது, எஞ்சினைப் பிரிப்பது எல்லாம் அந்த நாள்களில்தான் நடக்கும். சில ஆண்டுகளுக்கு முன் என் அக்கா மகன் தன் படகின் பழைய எஞ்சினை எடுத்துவிட்டு, அதைவிடக் கூடுதல் குதிரைத்திறன் உள்ள ஒன்றைப் பொருத்த முடிவு செய்தான். எஞ்சினை மட்டும் மாற்றுவதாகத்தான் பேச்சு. ஆனால் பழைய கியர் பாக்ஸ் தாங்காது என்றார் மெக்கானிக். கியர் பாக்ஸ் மாறியதும் ஷாஃப்ட் மாறியது, ஷாஃப்ட் மாறியதும் புரொபெல்லர் மாறியது, டீசல் கூடுதலாகக் குடிக்கும் என்பதால் தொட்டியும் பெரிதானது. எல்லாம் முடித்துத் தண்ணீரில் இறக்கியபோது படகின் பின்பக்கம் ஏறத்தாழ ஒரு சாண் தாழ்ந்து நின்றது. அதைச் சரிக்கட்ட ஐஸ் அறையைச் சுருக்கி முன்னே தள்ள வேண்டியதாயிற்று. "வேகம் வந்துடுச்சு மாமா, மீன் வைக்கத்தான் எடம் போச்சு" என்றான் அவன்.

கவச வாகனங்களை நவீனப்படுத்துகிறோம் என்று எந்த நாட்டு ராணுவமாவது அறிவிக்கும்போது, அந்த அறிவிப்புக்குப் பின்னால் நடப்பது பெரும்பாலும் இந்தப் படகுக் கதைதான். புதிதாக ஒரு பொருளைச் சேர்ப்பது எளிது. அந்தப் பொருள் எடையாகவும் இடமாகவும் மின்சாரமாகவும் கேட்கும் விலையை, நாற்பது ஆண்டுகளுக்கு முன் வேறொரு போருக்காகக் கட்டப்பட்ட ஓர் இரும்புக் கூட்டுக்குள் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது என்பதே கடினம். பாலிடெக்னிக்கில் கட்டடப் பொறியியல் நடத்தி ஓய்வு பெற்ற எனக்கு ராணுவ அனுபவம் கிடையாது. ஆயினும் எடை, அழுத்தம், வலிமை ஆகியவற்றைப் பற்றிய கணக்கு எங்கே போனாலும் ஒன்றுதான் என்பதால், அந்த வழியாகவே இதை விளக்க முயல்கிறேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். நம் செய்தித்தாள்கள் 'பீரங்கி' என்ற ஒரே சொல்லால் குண்டு சுடும் குழாயையும், அதைச் சுமந்து செல்லும் வண்டியையும், தொலைவிலிருந்து சுடும் ஹோவிட்சரையும் குறித்துவிடுகின்றன. இந்தக் கட்டுரையில் பீரங்கி என்றால் குழாய் மட்டும். சங்கிலிப் பட்டையில் ஓடும் முழு வண்டி டாங்கி. டாங்கிக்கு ஒரு தம்பியும் உண்டு. காலாட்படை வீரர்களை உள்ளே ஏற்றிச் சென்று களத்தில் இறக்கிவிட்டு, சிறிய பீரங்கியால் அவர்களுக்குத் துணை நிற்கும் வண்டி அது. இந்திய ராணுவத்தில் 'சாரத்' என்று அழைக்கப்படும் பிஎம்பி-2 அப்படிப்பட்டது: எடை சுமார் 14 டன், 30 மி.மீ. பீரங்கி, வண்டியை இயக்க மூவர், ஏறிச் செல்ல ஏழு வீரர்கள். இரண்டையும் சேர்த்தே கவச வாகனங்கள் என்கிறோம்.

டாங்கி முதன்முதலாகப் போர்க்களத்துக்கு வந்தது 1916 செப்டம்பர் 15 அன்று, பிரான்சின் சோம் ஆற்றுப் பகுதியில். பதுங்கு குழிகளையும் முள்வேலியையும் இயந்திரத் துப்பாக்கியையும் தாண்டி வீரர்களால் முன்னேற முடியாததால், குண்டு துளைக்காத ஒரு பெட்டியை வயலில் ஓட்டிச் செல்லும் யோசனை பிறந்தது. ரகசியம் வெளியே தெரியாமலிருக்கத் தண்ணீர்த் தொட்டி என்று பொருள்படும் சொல்லால் அதைக் குறிப்பிட்டார்கள். அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. அன்று முதல் இன்று வரை டாங்கி வடிவமைப்பாளர் மூன்று பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சுடும் வலிமையைக் கூட்டு என்கிறார் ஒருவர், கவசத்தைக் கூட்டு என்கிறார் இன்னொருவர், வேகத்தைக் கூட்டு என்கிறார் மூன்றாமவர். எவர் சொல்லைக் கேட்டாலும் மற்ற இருவரில் ஒருவருக்குக் குறை வந்துவிடும்.

துளைப்பதும் தடுப்பதும்

எதைத் தடுக்கப் போகிறோம் என்பது தெரியாமல் கவசத்தைப் புரிந்துகொள்ள முடியாது. டாங்கியைத் துளைக்க அடிப்படையில் இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி கோணி ஊசியின் வழி. பண்ருட்டியில் முந்திரி மூட்டை தைப்பவரின் கையில் இருக்கும் ஊசி, தைப்பவரின் முழு பலத்தையும் ஒரு சிறு முனையில் குவிப்பதால்தான் தடித்த சாக்கைத் துளைக்கிறது. அதே பலத்தோடு விரலால் அழுத்தினால் சாக்கு வெறுமனே அமுங்கும். டாங்கியின் 120 அல்லது 125 மி.மீ. பீரங்கியிலிருந்து கிளம்பும் ஒரு வகைக் குண்டில், குழாயின் அகலத்தை நிரப்பும் வெளிக்கூடு வாயைத் தாண்டியதும் கழன்று விழுந்துவிடும். உள்ளே இருக்கும் மெல்லிய, நீண்ட, மிகக் கனமான உலோகக் கம்பி மட்டும் நொடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் பறந்து சென்று மோதும். அதில் வெடிமருந்தே இல்லை. எடையும் வேகமும் குறுகிய முனையும்தான் அதன் ஆயுதம். இந்தியாவில் இத்தகைய டங்ஸ்டன் கலவைக் கம்பிகள் திருச்சியில் உள்ள கன உலோகத் தொழிற்சாலையில் உருவாகின்றன.

இரண்டாவது வழியில் வேகமான பீரங்கி தேவையில்லை. ஒரு வீரர் தோளில் வைத்துச் சுடும் ராக்கெட்டும், கம்பி வழியாகவோ ரேடியோ வழியாகவோ இயக்கப்படும் ஏவுகணையும், இன்று ட்ரோன் தூக்கிச் செல்லும் குண்டும் பெரும்பாலும் இந்த வழியில்தான் வேலை செய்கின்றன. வெடிமருந்துக்குள் செம்பினாலான ஒரு கூம்பு, வாய் முன்னோக்கி இருக்கும்படி பதிக்கப்பட்டிருக்கும். பின்னாலிருந்து வெடிக்கும்போது அந்தக் கூம்பு உள்நோக்கி நசுங்கி, நடு அச்சில் ஒன்றுசேர்ந்து, ஊசி போன்ற ஒரு செம்புத் தாரையாகப் பீய்ச்சி அடிக்கும். அதன் நுனியின் வேகம் நொடிக்கு 8 முதல் 10 கிலோமீட்டர் வரை இருக்கும். இந்தத் தாரை இரும்பை உருக்கித் துளைக்கிறது என்று பலர் எழுதுகிறார்கள், அது தவறு. நம் கடற்கரையோரத்தில் கைபம்பு இறக்கும்போது குழாய் வழியே தண்ணீரைப் பீய்ச்சினால் மணல் விலகி வழிவிடுவதைப் பார்த்திருப்போம். செம்புத் தாரை படும் இடத்தில் ஏற்படும் அழுத்தம், இரும்பின் வலிமையை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும் அளவுக்கு உயர்ந்திருப்பதால், இரும்பும் அந்த ஈர மணலைப் போலவே பக்கவாட்டில் விலகிவிடுகிறது. சூட்டுக்கு இதில் பெரிய பங்கில்லை.

இந்த இரண்டாம் வழி மலிவானது என்பதுதான் டாங்கிகளின் தீராத தலைவலி. 1973 அக்டோபரில் நடந்த அரபு–இஸ்ரேல் போரில், எகிப்தியக் காலாட்படையினர் சோவியத் தயாரிப்பான சிறிய ஏவுகணைகளைப் பெட்டியில் எடுத்துச் சென்று இஸ்ரேலிய டாங்கிகளைப் பெருமளவில் அழித்தபோது, டாங்கியின் காலம் முடிந்துவிட்டது என்று உலகெங்கும் எழுதினார்கள். அதற்கான பதில்களில் ஒன்று 1982 லெபனான் போரில் வெளிப்பட்டது. இஸ்ரேலிய டாங்கிகளின் மேல் செங்கல் செங்கலாகப் பெட்டிகள் பதிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு இரும்புத் தகடுகளும் அவற்றுக்கு இடையே வெடிமருந்தும் இருக்கும். செம்புத் தாரை பட்டதும் அந்த மருந்து வெடித்துத் தகடுகளை எதிரெதிர்த் திசையில் தள்ளும். தகடுகள் சாய்வாக இருப்பதால், அவை நகர நகரத் தாரையின் பாதையில் புதிய இரும்பு குறுக்கே வந்துகொண்டே இருக்கும். தாரை சிதறி வலுவிழக்கும். ஊசியை நுழையவிட்டுத் துணியைப் பக்கவாட்டில் இழுத்தால் ஊசி வளைவதைப் போன்றது இது. இதற்கு எதிர்வினைக் கவசம் என்று பெயர்.

எதிர்வினைக் கவசத்தின் பலவீனமும் வெளிப்படையானது. ஒரு பெட்டி ஒருமுறைதான் வெடிக்கும். பக்கத்தில் நடந்து வரும் சொந்த வீரர்களுக்கும் அது ஆபத்து. மேலும் எதிரி சும்மா இருக்கவில்லை; ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கூம்புகள் கொண்ட ஏவுகணைகளைச் செய்தான். முன்னால் உள்ள சிறியது பெட்டியை வெடிக்கச் செய்துவிட, பின்னால் வரும் பெரியது திறந்த இடத்தில் துளைக்கும்.

அடுத்த கட்டம், வருவதை வழியிலேயே மடக்குவது. இஸ்ரேலின் 'ட்ரோஃபி' இந்த வகையில் போர்க்களத்தில் தன்னை மெய்ப்பித்த முதல் கருவிகளில் ஒன்று. வண்டியின் நாற்புறமும் உள்ள சிறு ரேடார்கள் தங்களை நோக்கி வரும் ராக்கெட்டைக் கண்டு, அது உண்மையிலேயே வண்டியில் படுமா என்று கணினி கணக்கிட்டு, படும் என்றால் மட்டும் அதன்மீது உலோகச் சில்லுகளைச் செலுத்தி வழியிலேயே சிதைத்துவிடும். எல்லாம் நொடியின் சிறு பகுதிக்குள். 2011 மார்ச்சில் காசா எல்லையருகே ஒரு மெர்காவா டாங்கியைச் செயல்களத்தில் இது முதன்முறையாகக் காப்பாற்றியது. பிறகு அமெரிக்காவும் தன் அப்ராம்ஸ் டாங்கிகள் சிலவற்றில் இதைப் பொருத்திக்கொண்டது. ஆனால் ரேடாருக்கு மின்சாரம் வேண்டும், பீரங்கியைத் தாங்கிச் சுழலும் மேல்பகுதியான கோபுரத்தின் இரு பக்கமும் சுமை கூடும், சமநிலைக்கு வேறு எடை சேர்க்க வேண்டும். படகின் பின்பக்கம் தாழ்ந்த கதை இங்கேயும் உண்டு.

கூரை ஏன் மெலிந்திருக்கிறது?

ட்ரோன் பற்றிக் கேட்கும் மாணவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி இது. டாங்கியின் மேல்பகுதிதான் மெலிந்தது என்று தெரிந்திருக்கும்போது, அங்கே தடித்த இரும்பைப் போட்டால் முடிந்ததே?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு டாங்கியின் உடலை மேலிருந்து பார்த்தால் ஏறத்தாழ 7 மீட்டர் நீளமும் 3.5 மீட்டர் அகலமும் இருக்கும், பரப்பு 24.5 சதுர மீட்டர். அதன் மேல் 10 சென்டிமீட்டர் தடிமனில் எஃகுத் தகடு போட்டால் 2.45 கன மீட்டர். ஒரு கன மீட்டர் எஃகின் எடை 7.85 டன். ஆக, கூரைக்கு மட்டும் 19 டன்னுக்கும் மேல். சோவியத் வடிவமைப்பான டி-72 டாங்கியின் மொத்த எடையே சுமார் 41 டன்தான். அதனால்தான் டாங்கி கட்டியவர்கள் எல்லோரும், எதிரியின் பீரங்கி எந்தத் திசையை நோக்குமோ அந்த முன்முகத்தில் கவசத்தைக் குவித்து, பக்கங்களைக் குறைத்து, கூரையையும் பின்பக்கத்தையும் மிகவும் மெலிதாக விட்டார்கள். எதிரி முன்னால்தான் நிற்பான் என்பது அன்றைய நியாயமான ஊகம். தேவனாம்பட்டினத்துக்கு அருகே சிதைந்து கிடக்கும் புனித டேவிட் கோட்டையைக் கட்டியவர்களுக்கும் இப்படி ஓர் ஊகம் இருந்திருக்கும். 1758-இல் பிரெஞ்சுப் படை அதைக் கைப்பற்றியது.

அந்த ஊகத்தை முதலில் உடைத்தவை, ஏவியதும் மேலே எழும்பி, பிறகு இலக்கின் கூரையில் பாயும் ஜாவலின் போன்ற ஏவுகணைகள். 2020-இல் நாகோர்னோ-கராபாக்கில் அஜர்பைஜானின் ட்ரோன்கள் ஆர்மேனியத் தரப்பு டாங்கிகளை மேலிருந்து தாக்கிய காணொளிகள் உலகெங்கும் பரவின. 2022 முதல் உக்ரைனில் நடந்துவரும் போரில், சில நூறு டாலர் விலையுள்ள சிறு ட்ரோனைக் கண்ணில் மாட்டிய திரையின் வழியே ஒருவர் ஓட்டிச் சென்று, கோபுரத்துக்கும் உடலுக்கும் இடையிலுள்ள இடுக்கிலோ எஞ்சின் மூடியிலோ மோதவைக்கிறார். விலை வேறுபாட்டை நம் ஊர்க் கணக்கில் சொல்வதானால், 2021 செப்டம்பரில் 118 அர்ஜுன் எம்கே-1ஏ டாங்கிகளுக்கு இந்தியா கொடுத்த கொள்முதல் ஆணையின் மதிப்பு 7,523 கோடி ரூபாய். ஒன்றுக்குச் சராசரியாக 63 கோடிக்கும் மேல்.

களத்தில் இருப்பவர்கள் தொழிற்சாலைக்காகக் காத்திருக்கவில்லை. கோபுரத்துக்கு மேல் கம்பிவலைக் கூண்டு கட்டினார்கள். 2024-இல் சில ரஷ்ய டாங்கிகள் தகரக் கொட்டகையையே முதுகில் சுமந்து வந்தன. ஆமை என்று அவற்றுக்குப் பெயர் வந்தது. கொட்டகை போட்ட டாங்கி தன் கோபுரத்தைச் சரியாகத் திருப்ப முடியாது, அக்கம்பக்கம் பார்க்க முடியாது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் ட்ரோனிலிருந்து பாயும் செம்புத் தாரையைக் கவசத்திலிருந்து தள்ளியே உருவாகவைத்துச் சிதறடிக்கும் முயற்சி என்ற அளவில் அதில் அறிவு இல்லாமல் இல்லை. ரேடியோ அலைகளைக் குழப்பி ட்ரோனைக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கும் கருவிகளும் வந்தன. அதற்கு மறுமொழியாக, மெல்லிய கண்ணாடி இழைக் கம்பியை அவிழ்த்துக்கொண்டே பறக்கும் ட்ரோன்கள் வந்துவிட்டன. அவற்றுக்கு ரேடியோவே வேண்டாம்; குழப்ப எதுவும் இல்லை.

கண், மின்சாரம்

கவசத்தைப் பற்றியே எல்லோரும் பேசினாலும், கடந்த அரை நூற்றாண்டில் டாங்கியை உண்மையில் மாற்றிய பொருள் அதன் கண்தான் என்பது என் எண்ணம். பழைய டாங்கிகள் இரவில் அகச்சிவப்பு விளக்கு அடித்துப் பார்த்தன. அதே வகைக் கருவி வைத்திருக்கும் எதிரிக்கு அந்த விளக்கே இலக்காகிவிடும். வெப்பக் காட்சிக் கருவி விளக்கு அடிப்பதில்லை. எஞ்சின், மனித உடல், சுட்ட பீரங்கிக் குழாய் ஆகியவை தாமாக வெளிவிடும் வெப்பத்தை அது படமாக்குகிறது. தூசியும் புகையும் அதற்கு அவ்வளவு தடையல்ல. 1991 பிப்ரவரி 26 அன்று ஈராக் பாலைவனத்தில், மணற்புயலுக்கு நடுவே, அமெரிக்க அப்ராம்ஸ் டாங்கிகள் ஈராக்கின் டி-72 டாங்கிகளைக் கண்டு சுட்டன. ஈராக்கியர்களில் பலருக்குத் தங்களைச் சுடுவது யார் என்றே தெரியவில்லை. அன்று பெரும் வேறுபாடு பார்வையில்தான் இருந்தது.

எனவே பழைய டாங்கியை நவீனப்படுத்தும் எந்தத் திட்டத்திலும் வெப்பக் காட்சிக் கருவி முன்வரிசையில் வரும். அதனோடு லேசர் தூரமானி, காற்றின் வேகத்தையும் வண்டியின் சாய்வையும் கணக்கில் எடுத்துச் சுடும் கோணத்தைத் திருத்தும் கணினி, தங்கள் மேல் லேசர் பட்டால் எச்சரிக்கும் உணரி, மற்ற வண்டிகளோடு வரைபடத்தைப் பகிர்ந்துகொள்ளும் ரேடியோ. இவை எல்லாம் மின்சாரம் தின்பவை, சூட்டையும் வெளிவிடுபவை. ராஜஸ்தானின் வெயிலில் மூடிய டாங்கிக்குள் ஏறும் வெப்பத்தில் தொடக்ககால டி-90 டாங்கிகளின் வெப்பக் காட்சிக் கருவிகள் தடுமாறியது பலமுறை செய்தியானது. கருவியைக் காப்பாற்றக் குளிர்சாதனம் வேண்டும். குளிர்சாதனத்துக்கு மின்சாரமும் இடமும் வேண்டும். டி-72 வகை டாங்கிகளோ, ஆள் உயரத்தைக்கூடக் கணக்கிட்டு, முடிந்தவரை சிறியதாகக் கட்டப்பட்டவை.

இன்னொரு சிக்கல், மறைந்து நின்று காவல் பார்க்கும் நேரத்தில் வருகிறது. எஞ்சினை நிறுத்தினால் பாட்டரி தீரும். ஓட்டினால் சத்தமும் வெப்பமும் காட்டிக்கொடுக்கும். அப்ராம்ஸின் வாயுச்சுழலி எஞ்சின் நின்ற இடத்திலேயே மணிக்குச் சுமார் 40 லிட்டர் எரிபொருள் குடிக்கும். இதற்காகவே துணை மின்னாக்கி ஒன்றைத் தனியாக வைக்கிறார்கள். வீட்டில் இன்வெர்ட்டர் வைத்த நமக்கு அதன் அருமை தெரியும்.

ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி கம்பி, தனித்தனி திரை என்று சேர்த்துக்கொண்டே போகும் பழக்கத்தையும் இப்போது கைவிடுகிறார்கள். படகில் எக்கோ சவுண்டர் ஒரு பெட்டி, ஜிபிஎஸ் ஒரு பெட்டி, வயர்லெஸ் ஒரு பெட்டி என்று இருப்பதற்குப் பதிலாக, எல்லாக் கருவிகளும் ஒரே தகவல் வழித்தடத்தில் பேசிக்கொள்ளவும், நாளை ஒன்றைக் கழற்றி வேறு நிறுவனத்தின் கருவியை மாட்டவும் இடம்விட்டு வடிவமைக்கிறார்கள். கேட்பதற்குச் சாதாரணமாக இருந்தாலும், வரும் முப்பது ஆண்டுகளில் எந்த வண்டி பிழைக்கும் என்பதை இதுவே முடிவு செய்யும் என்று நினைக்கிறேன். ட்ரோன்கள் மாதக்கணக்கில் மாறுகின்றன. கவச வண்டி பத்தாண்டுக் கணக்கில் மாறுகிறது.

எடையும் பாலமும்

என் பாடத்துக்கு வந்துவிட்டேன். பாலம் வடிவமைக்கும் மாணவர்கள் எல்லோரும் இந்தியச் சாலைப் பேரவையின் விதிநூலில் '70ஆர்' என்ற சுமை வகையைப் படித்திருப்பார்கள். இரண்டு நீண்ட பட்டைகள் மேல் நிற்கும் 70 டன் வண்டி ஒன்றின் படம் அதில் இருக்கும். லாரிக்கு எதற்குப் பட்டை என்று ஆண்டுதோறும் ஒரு மாணவராவது கேட்பார். அது லாரியன்று, டாங்கிதான். நம் ஊர் நெடுஞ்சாலைப் பாலங்களின் கணக்கில் நாம் அறியாமலேயே ஒரு டாங்கி ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தப் படத்தில் ஒவ்வொரு பட்டையும் தரையைத் தொடும் நீளம் 4.57 மீட்டர், அகலம் 0.84 மீட்டர். இரண்டு பட்டைகளுக்கும் சேர்த்துப் பரப்பு ஏறத்தாழ 7.7 சதுர மீட்டர். 70 டன்னை அதன் மேல் பரப்பினால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.91 கிலோதான் அழுத்தம். சாதாரணக் காரின் டயர் தரும் அழுத்தம் இதைப்போல இரு மடங்குக்கு மேல். அதனால்தான் கார் புதையும் சேற்று வயலில் டாங்கி ஓடுகிறது. ஆனால் பாலத்துக்கு இந்தச் சமாதானம் செல்லாது. பாலத்தின் தூலம் மொத்த எடையைத்தான் சுமக்கிறது. டாங்கியை நெடுந்தொலைவுக்கு டிரெய்லரில் ஏற்றிச் செல்வதால் அந்த எடையும் சேரும். அதே விதிநூலில் சக்கர வண்டிக்கான 70ஆர் சுமை 100 டன்.

இப்போது எண்களைப் பாருங்கள். அர்ஜுனின் முதல் வடிவம் 58.5 டன், மேம்படுத்தப்பட்ட எம்கே-1ஏ 68 டன். 1980-இல் சேவைக்கு வந்த அமெரிக்க அப்ராம்ஸ் சுமார் 54 டன்; அதன் அண்மைய வடிவம் ஏறத்தாழ 67 டன், எஞ்சின் மட்டும் அதே 1,500 குதிரைத்திறன். டன்னுக்கு 27-க்கும் மேல் இருந்த குதிரைத்திறன் 22 அளவுக்கு இறங்கிவிட்டது. 2023 செப்டம்பரில் அமெரிக்க ராணுவம் தான் திட்டமிட்டிருந்த அடுத்த மேம்பாட்டை நிறுத்திவிட்டு, எடை குறைந்த புதிய வடிவம் ஒன்றை உருவாக்கப்போவதாக அறிவித்தது. சேர்த்துக்கொண்டே போகும் வழி ஓர் எல்லையில் முட்டிவிட்டது என்பதை இதைவிடத் தெளிவாக ஒப்புக்கொள்ள முடியாது.

எடைக்கு மலை வேறு விதமாகப் பதில் கேட்கும். 2020-இல் கல்வான் மோதலுக்குப் பின் லடாக்குக்குக் கொண்டுசெல்லப்பட்ட டி-72, டி-90 டாங்கிகள் சமவெளிக்காகப் பிறந்தவை. 4,000 மீட்டருக்கு மேல் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். எஞ்சின் மூச்சு வாங்கும். எதிரே சீனாவிடம் இலகுரக டாங்கி இருந்தது. அதற்கு விடையாகத் தேசியப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவும் எல் அண்ட் டி நிறுவனமும் சேர்ந்து 25 டன் எடையில், 105 மி.மீ. பீரங்கியுடன் 'சோராவர்' என்ற டாங்கியை உருவாக்கின. 2024 ஜூலையில் அதன் முன்மாதிரி குஜராத்தின் ஹசீராவில் காட்டப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் 4,200 மீட்டருக்கு மேலான உயரத்தில் சுட்டுப் பார்த்தார்கள்.

ஆவடியில் நடப்பது

கடலூரிலிருந்து ஐந்து மணி நேரப் பயணத்தில் எட்டிவிடும் ஆவடிதான் இந்திய டாங்கிகளின் தாய்வீடு. 1961-இல் தொடங்கப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலை விஜயந்தா, டி-72, டி-90, அர்ஜுன் என நான்கு தலைமுறைகளைப் பார்த்துவிட்டது. 2021 அக்டோபர் முதல் அது ஆர்மர்ட் வெஹிக்கிள்ஸ் நிகாம் என்ற பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. அருகிலேயே டிஆர்டிஓவின் போர் வாகன ஆராய்ச்சி நிலையமும், எஞ்சின் தொழிற்சாலையும் உள்ளன.

இந்திய ராணுவத்திடம் எண்ணிக்கையில் மிகுதியாக இருப்பது, 1973-இல் சோவியத் ராணுவத்தில் சேர்க்கப்பட்ட வடிவமான டி-72. நம்மவர் வைத்த பெயர் அஜேயா. அதன் எஞ்சின் 780 குதிரைத்திறன். டன்னுக்கு ஏறத்தாழ 19. 2025 மார்ச்சில் 1,000 குதிரைத்திறன் எஞ்சின்களுக்காக ரஷ்யாவுடன் 24.8 கோடி டாலர் மதிப்பில் ஒப்பந்தம் கையெழுத்தானது. தொழில்நுட்பத்தை ஆவடிக்குக் கொடுப்பதும் அதில் அடக்கம். எஞ்சின் மட்டும் மாறினால் டன்னுக்கு 24 வரும். ஆனால் கூடும் வலிமையில் ஒரு பகுதியைக் கவசப் பெட்டிகளும் புதிய கருவிகளும் தின்றுவிடும் என்பதை இதற்குள் வாசகர் ஊகித்திருப்பார்.

எஞ்சினால் தீராத குறை ஒன்றும் டி-72-இல் உண்டு. குண்டை ஏற்றுவதற்கு ஆள் இல்லை. கோபுரத்துக்குக் கீழே, வீரர்களின் காலடியில், ராட்டினம் போன்ற வட்டத் தட்டில் 22 சுற்றுக் குண்டுகள் படுத்திருக்கும். இயந்திரம் ஒவ்வொன்றாக எடுத்துக் குழாயில் திணிக்கும். நான்காவது ஆளை விலக்கியதால் வண்டி சிறுத்தது, எடை குறைந்தது, தாழ்ந்தும் நின்றது. ஆனால் கவசத்தைத் துளைத்த தாரை அந்தத் தட்டை எட்டினால் எல்லாம் சேர்ந்து வெடித்து, கோபுரமே பிய்ந்து பறக்கும். உக்ரைனில் இதைக் காட்டும் படங்கள் ஏராளம். அப்ராம்ஸில் குண்டுகளில் பெரும்பாலானவை கோபுரத்தின் பின்னால், தடித்த கதவுக்கு அப்பால் உள்ள தனி அறையில் இருக்கும். அங்கே தீப்பற்றினால் கூரைப் பலகைகள் பிய்த்துக்கொண்டு வெடிப்பை மேல்நோக்கி வெளியேற்றும். இந்த வேறுபாட்டை எந்த மேம்பாட்டாலும் பழைய கூட்டுக்குள் நுழைக்க முடியாது. கூட்டையே மாற்ற வேண்டும்.

அதனால்தான் டி-72-க்குப் பதிலாக 1,770 புதிய வண்டிகள் என்ற 'எதிர்காலத்துக்கு ஆயத்தமான போர் வாகன'த் திட்டம் வகுக்கப்பட்டு, 2024 செப்டம்பரில் பாதுகாப்புக் கொள்முதல் குழுவின் முதற்கட்ட ஒப்புதலையும் பெற்றது. புதிய வண்டி வந்து சேரும் வரை பழையதையும் ஓட்டியாக வேண்டும். எனவே இரண்டு வேலையும் ஒரே சமயத்தில் நடக்கின்றன.

ஆள் எங்கே உட்காருவது?

புதிய கூடு கட்டும்போது எழும் முதல் கேள்வி இது. ரஷ்யா 2015 மே மாத அணிவகுப்பில் காட்டிய டி-14 டாங்கியின் கோபுரத்துக்குள் ஆளே இல்லை. மூவரும் முன்பக்கத்தில் தனிக் கவச அறையில் அமர்ந்து திரையைப் பார்த்து இயக்குவார்கள். ஆளுக்காக வேண்டிய இடம் சுருங்கினால் கவசம் போர்த்த வேண்டிய பரப்பும் சுருங்கும், எடை குறையும். அந்த வண்டி பெரிய எண்ணிக்கையில் வரவில்லை, ஆனால் யோசனை மற்ற நாட்டு வடிவங்களிலும் தொடர்கிறது. இன்னும் ஒரு படி போனால் வண்டியிலேயே ஆள் வேண்டாம். ஆவடி ஆராய்ச்சி நிலையம் 2017-இல் பிஎம்பி உடலைக் கொண்டு 'முந்த்ரா' என்ற ஆளில்லாத் தடவண்டியைச் செய்து காட்டியது. கண்காணிப்பு, கண்ணிவெடி தேடல் போன்ற, உயிரைப் பணயம் வைக்கும் வேலைகளுக்கு அது.

ஆள் குறையக் குறைய எஞ்சியிருப்பவரின் கவனம் பங்கு போகிறது என்பதை வடிவமைப்பாளர்கள் மெதுவாகத்தான் உணர்ந்தார்கள். அறுந்த சங்கிலிப் பட்டையைக் கோக்கவும், இரவுக் காவலுக்கு முறை மாற்றவும் மூன்று பேர் நான்கு பேராக மாட்டார்கள். தளபதி இருக்கையில் இருப்பவர் இலக்கைத் தேட வேண்டும், ரேடியோ கேட்க வேண்டும், மேலே ட்ரோன் வருகிறதா என்று ஒரு திரையையும், தோழர்கள் எங்கே என்று இன்னொரு திரையையும் பார்க்க வேண்டும். எல்லாத் திரையும் ஒரே நேரத்தில் கத்தினால் எதுவும் காதில் விழாது. ஆபத்தை இனங்கண்டு வரிசைப்படுத்திக் காட்டும் மென்பொருளுக்கு இப்போது இவ்வளவு பணம் செலவிடப்படுவதற்கு இதுவே காரணம்.

சென்ற மாதம் சில்வர் பீச்சில் என் பழைய மாணவர் ஒருவர், "சில நூறு டாலர் ட்ரோன் அழித்துவிடும் என்றால், இந்த வண்டிகள் எதற்கு சார்?" என்று கேட்டார். போர்க்களத்தில் ட்ரோன் மட்டும் இல்லை. ஹோவிட்சர் குண்டின் சில்லுகளும் இயந்திரத் துப்பாக்கியும் கண்ணிவெடியும் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. அந்த வெளியைக் கால்நடையாகவோ ஜீப்பிலோ கடப்பவனின் நிலை என்ன என்று திருப்பிக் கேட்டேன். உக்ரைன் போரில் 1981-இல் சேவைக்கு வந்த அமெரிக்கத் தயாரிப்பான பிராட்லி வண்டிகள் கண்ணிவெடியிலும் ஏவுகணையிலும் சிக்கி நிறையவே சேதமடைந்தன. ஆனால் அவற்றில் பலவற்றின் பின்கதவைத் திறந்துகொண்டு உள்ளே இருந்தவர்கள் நடந்து வெளியே வந்தார்கள். பட்டை அறுந்து நின்ற வண்டிகள் சில இழுத்துச் செல்லப்பட்டு, பழுதுபார்க்கப்பட்டு, மறுபடியும் களத்துக்குத் திரும்பின. மாணவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்படியானால் முதலில் பின்கதவிலிருந்து வரையத் தொடங்க வேண்டும்" என்றார். முப்பது ஆண்டுகள் வடிவமைப்பு நடத்திய எனக்கு அது தோன்றியதில்லை.